கங்காணி மாறிய பதினாலு நிமிடம்

ஜோமோன் சார் அந்தக் கடிதத்தை மேசையில் திருப்பி வைத்து அவள் பக்கம் நகர்த்தியபோதே மாரீஸ்வரிக்கு விஷயம் புரிந்துவிட்டது. தொழிற்சாலையின் மேனேஜ்மென்ட் சர்வரில் ஓடும் பழைய மென்பொருள் பதிப்புக்கு, அதைத் தயாரித்த கம்பெனியின் ஆதரவு செப்டம்பரோடு முடிகிறது. அதற்குள் புதியதற்கு மாறியாக வேண்டும். இப்படியொரு கடிதம் என்றைக்காவது வரும் என்று அவள் மூன்று வருடமாகப் பயந்துகொண்டிருந்தாள்.

“தேதியை நீயே சொல்லு, மாரீஸ்வரி. பேடிக்கண்ட, பயப்படாதே,” என்றார் ஜோமோன். அவர்தான் பிளான்ட் மேனேஜர். பாதி மலையாளம், பாதி தமிழ். அந்தத் தொழிற்சாலையில் எல்லோரும் பேசுவது அப்படித்தான்.

“சரி சார்” என்று சொல்லிவிட்டு வெளியே வந்தவள், நேராகப் பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, சுவரில் கையூன்றிக் கொஞ்ச நேரம் நின்றாள். தண்ணீர் அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

போடிமெட்டுக்குக் கீழே ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் லயத்து வீட்டில் பிறந்தவள் அவள். அப்பா செடிக்கு மருந்தடிக்கிறவர், அம்மா குருவம்மாள் கொழுந்தெடுப்பவள். நெடுங்கண்டத்தில் பாலிடெக்னிக் முடித்து, பூப்பாறையில் ஒரு ஜெராக்ஸ் கடையில் பிரின்டர் ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்தவளை, போடிநாயக்கனூர் சதீஷுக்குக் கட்டிக் கொடுத்தார்கள். சதீஷுக்கு பாலக்காட்டுக்குப் பக்கத்து கஞ்சிக்கோட்டில் லாரிக்கு பாடி கட்டும் கம்பெனியில் வேலை. அவனோடு மலையிறங்கி வந்தவள், பம்புகளுக்கு இரும்பு வார்ப்பு செய்யும் இந்தத் தொழிற்சாலையில் எடைமேடைச் சீட்டு அடிக்கும் வேலைக்குச் சேர்ந்தாள். பத்து வருடத்தில், சர்வர் அறையின் சாவி அவள் கைக்கு வந்துவிட்டது. ஆசைப்பட்டு வாங்கிய சாவி இல்லை. அதை வைத்திருந்தவர் போய்விட்டார்.

அவர் பெயர் ரிஜின். மாரீஸ்வரிக்கு எல்லாவற்றையும் கற்றுக் கொடுத்தவர். சர்வர் அறையில் பெரிய கணினிகள் மூன்று உண்டு. ஒவ்வொன்றுக்குள்ளும் எட்டு, ஒன்பது கணினிகள் ஓடின. தொட்டுப் பார்க்க முடியாத, மென்பொருளாலேயே ஆன கணினிகள். ஆட்களின் வருகைப் பதிவு ஒன்றில், ஸ்டோர்ஸ் இன்னொன்றில், உலைகளின் சூட்டையும் அவற்றைச் சுற்றி ஓடும் குளிர்நீரையும் காட்டும் திரை வேறொன்றில். எது எந்தப் பெரிய கணினிக்குள் இருக்கிறது என்று தெரிந்து வைத்துக்கொண்டு, தேவைப்பட்டால் இடம் மாற்றி, நின்றுபோனால் எழுப்பிவிடுவதுதான் மேனேஜ்மென்ட் சர்வரின் வேலை.

மூன்று வருடத்துக்கு முன்னால் ரிஜின் அந்தச் சர்வரின் மேலேயே புதிய பதிப்பை ஏற்றினார். இரண்டு மணி நேர வேலை என்றார். பாதியில் நின்றது. முன்னேயும் போகவில்லை, பின்னேயும் வரவில்லை. ஒன்பது மணி நேரம் அப்படியே கிடந்தது. அதற்கு நடுவில்தான் உலைத் திரை உறைந்துபோனது. அதை எழுப்ப வேண்டிய சர்வரே படுத்துக் கிடந்தது. பெரிய கணினிக்குள் நேரடியாக நுழையும் பாஸ்வேர்டு யாரிடமும் இல்லை. திரை இல்லாமல் உலையை ஓட்டக்கூடாது என்பது விதி என்பதால் மின்சாரத்தை நிறுத்தினார்கள். உள்ளே இருந்த இரண்டு டன் இரும்பு பாறையாக உறைந்தது.

மறுநாள் அதைத் திரும்ப உருக்கியபோது, மேலே கெட்டிப்பட்டிருந்த ஓட்டுக்கு அடியில் அடைபட்ட குழம்பு பீறிட்டுக் கிளம்பியது. ஒடிசாவிலிருந்து வந்த ஒரு தொழிலாளியின் கழுத்தும் தோளும் வெந்தன. சர்வர் அறை வாசல் வழியாகத்தான் அவரைத் தூக்கிப் போனார்கள். கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற மாரீஸ்வரி அந்த வாடையை மறக்கவில்லை. அவர் பிழைத்துக்கொண்டார், ஊருக்குப் போனவர் திரும்பி வரவில்லை. ரிஜின் மறுவாரமே வேலையை விட்டார். என்ன நடந்தது, எங்கே தப்பு என்று யாரும் ஒரு வரி எழுதி வைக்கவில்லை. பிறகு வெளியாட்கள் வந்து சர்வரைப் பழைய நிலைக்கே கொண்டுவந்து நிறுத்திவிட்டுப் போனார்கள். அதுதான் இப்போது அவள் தலையில் விழுந்திருந்தது.

“பேசாம ரெண்டு வாரம் லீவு போட்டுரு. வெளியாளைக் கூப்பிட்டுச் செய்யட்டும்,” என்றான் சதீஷ், அன்றிரவு சாப்பிடும்போது.

“வெளியாளு செஞ்சுட்டுப் போயிருவான். அடுத்த நாள் திரை போச்சுன்னா யாருக்குப் போன் வரும்? எனக்குத்தான வரும்.”

அவள் தட்டில் சோறு அப்படியே இருந்தது.

இந்த முறை வழி வேறு. பழைய சர்வர் ஓடிக்கொண்டிருக்கும்போதே பக்கத்தில் புதிய சர்வரை நிறுத்தலாம். பழையதில் உள்ளதெல்லாம் மெதுவாகப் புதியதற்கு நகலாகும். யாருக்கும் இடைஞ்சல் இல்லை. கடைசியில் ஒரு பொத்தானை அழுத்தினால் பழையது அணையும், அதன் பெயரையும் முகவரியையும் புதியது எடுத்துக்கொண்டு எழும். அந்தச் சில நிமிடங்கள் மட்டும்தான் பொறுப்பில் யாரும் இருக்க மாட்டார்கள். தவறினால் பழையதைத் திரும்ப எழுப்பலாம், அதற்கும் பத்து நிமிடமாகும். கையேட்டில் படிக்கும்போது நன்றாகத்தான் இருந்தது. ரிஜின் படித்ததும் நன்றாகத்தான் இருந்திருக்கும் என்று நினைத்தவள் மறுபடி முதல் வரியிலிருந்து படித்தாள்.

அதனால் ஒத்திகை பார்த்தாள். பழைய சர்வருக்கு ஒரு நகல் எடுத்து, வெளியே எதனோடும் பேச முடியாதபடி தனியாக அடைத்து வைத்து, அதை மாற்றிப் பார்த்தாள். முதல் தடவை பாதியில் நின்றது. ஒரு பாஸ்வேர்டு காலாவதியாகி எட்டு மாதம் ஆகியிருந்தது. அன்றைக்கு உண்மையான சர்வரில் கை வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துக்கொண்டே அதைப் புதுப்பித்தாள். இரண்டாவது தடவையும் நின்றது. இரண்டு இயந்திரங்களின் கடிகாரங்களுக்கும் மூன்று நிமிட வித்தியாசம். சரிசெய்தாள். மூன்றாவது தடவை பதிமூன்று நிமிடத்தில் முடிந்தது. நம்பிக்கையில்லாமல் இன்னும் மூன்று தடவை செய்தாள். பெரிய கணினிகள் மூன்றின் பாஸ்வேர்டுகளையும் புதிதாக மாற்றி, ஒரு தாளில் எழுதி, கவரில் போட்டு ஒட்டினாள். எந்தக் கணினி எதற்குள் இருக்கிறது என்பதை இன்னொரு தாளில் வரிசையாக எழுதினாள். அந்தத் தாளின் உச்சியில் பெரிய எழுத்தில் ஒரு வரி: இரண்டு உலையும் காலியாகும் வரை பொத்தானைத் தொடாதே.

இரவில் மின்சாரம் மலிவு என்பதால் உலைகள் விடிய விடிய உருக்கும். நிறுத்தி மூச்சு விடுவது மதியம் இரண்டு மணிக்கு ஷிப்ட் மாறும்போதுதான். அந்த இருபத்தைந்து நிமிடத்தைத்தான் அவள் கேட்டாள். கேட்பதற்காக உலைக் கூடத்துக்கு இறங்கிப் போனாள். அந்த விபத்துக்குப் பிறகு அவள் அங்கே கால் வைத்ததில்லை. அனல் முகத்தில் அடித்தபோது திரும்பி ஓடிவிடலாமா என்றிருந்தது.

உலை மேஸ்திரி ராக்கியண்ணன், கொழிஞ்சாம்பாறைக்காரர். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

“ஏனுங்க அம்மிணி, நீங்க இங்க வர மாட்டீங்களே?”

அவள் விஷயத்தைச் சொன்னாள். அவர் நெற்றியைச் சுருக்கினார். “அந்தச் சர்வரு நின்னா எல்லாம் நின்னு போயிருமுங்களா?”

“நிக்காதுண்ணே. எங்க எஸ்டேட்டுல கங்காணின்னு ஒருத்தர் இருப்பாரு. அவரு ஒரு பொழுது வரலைன்னா ஆளுக கொழுந்து எடுக்காமயா போயிருவாக? எடுப்பாக. ஆனா அந்த நேரம் பாத்து ஒரு ஆளு மயங்கி விழுந்தா, தூக்கிவிடச் சொல்ல ஆளிருக்காது. அதான் பயம்.”

“அப்ப கங்காணி மாறற நேரத்துல யாரும் விழுகக் கூடாது.”

“ஆமாண்ணே. விழுந்துட்டா... திரை இல்லாம தண்ணியோட சூட்டைப் பாக்க வேற வழி இருக்கா?”

அவர் அவளை உலைக்குப் பின்னால் கூட்டிப் போனார். புகையும் எண்ணெயும் படிந்த குழாயில், சூட்டைக் காட்டும் ஒரு வட்டமான கேஜ் இருந்தது. திரை வந்த பிறகு அதை யாரும் பார்ப்பதில்லை. ராக்கியண்ணன் துண்டால் அதைத் துடைத்தார். முள் நாற்பத்து மூன்று டிகிரியில் நின்றது.

“அம்பத்தஞ்சு வரைக்கும் ஒண்ணும் ஆகாதுங்க. அதுக்கு மேல போனா நிறுத்தியாகோணும், இல்லீன்னா கொழாய் வெடிச்சுத் தண்ணி இரும்புக் கொழம்புல விழுந்துருமுங்க. அன்னைக்கு நானே இங்க நிக்கறனுங்க, போதுமா?”

போதும் என்று அவள் தலையாட்டினாள். ஆனால் பயம் போகவில்லை.

ஜூலை மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை. வாளையார் பக்கமிருந்து காற்றும் மழையும் மாறி மாறி அடித்தன. காலையிலேயே புதிய சர்வரை முதலாவது பெரிய கணினியில் நிறுத்தி நகலெடுக்க விட்டிருந்தாள். அதற்கு இடம் தாராளமாக இருக்கட்டும் என்று, உலைத் திரையை மூன்றாவது கணினிக்குத் தன் கையாலேயே மாற்றினாள். ஒன்றரை மணிக்கு நகல் முடிந்தது. ஜோமோன் சார் வந்து அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டார். ஒன்றும் பேசவில்லை, கைக்கடிகாரத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டு மணி ஐந்து நிமிடத்துக்கு ராக்கியண்ணன் போன் செய்தார். “ஒண்ணாம் நம்பர் காலிங்க. ரெண்டாம் நம்பரு ஊத்திட்டிருக்கோம். ரெண்டே நிமிசமுங்க.”

“காலியானதும் சொல்லுங்கண்ணே.”

“தொடங்கிக்கோ மாரீஸ்வரி,” என்றார் பின்னால் இருந்து ஜோமோன். “ரெண்டு மினிட் அல்லே, அவ்வளவுதானே. சமயம் போகுது.”

தாளின் உச்சியில் எழுதிய வரி கண்ணெதிரே இருந்தது. அவள் அதைப் பார்த்தாள். மானிட்டர் கண்ணாடியில், பின்னால் கடிகாரம் கட்டிய கை அசைவது தெரிந்தது. முதல் இரண்டு, மூன்று நிமிடம் கடைசி மாற்றங்களை நகலெடுக்கத்தான் போகும், பழையது உடனே அணையாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். இரண்டு ஏழுக்குப் பொத்தானை அழுத்தினாள்.

இரண்டு பத்துக்குப் பழைய சர்வர் அணைந்தது. அதே நிமிடம் போன்.

“அம்மிணி, அச்சு வரிசை சிக்கிப்போச்சுங்க. ஊத்தற பெட்டி நகர மாட்டேங்குது. ரெண்டாம் நம்பர்ல இன்னும் ஒண்ணரை டன் கெடக்குது. நீங்க தொடங்கலியே?”

பழையது அணைந்திருப்பதை மாரீஸ்வரி இன்னொரு தடவை பார்த்தாள்.

“தொடங்கிட்டேண்ணே.”

மறுமுனையில் அவர் யாரையோ விலகி நிற்கச் சொல்வது கேட்டது. பிறகு, “செரி. நா கேஜுக்குப் போறனுங்க. போனை வெச்சுராதீங்க,” என்றார்.

அவள் போனை ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்தாள். புதிய சர்வர் நாற்பது சதவீதம் என்றது. அங்கேயே நின்றது. ஒத்திகையிலும் இங்கே கொஞ்சம் நிற்கும் என்று அவளுக்குத் தெரியும். எவ்வளவு நேரம் என்று நினைவுக்கு வரவில்லை. ஆறு தடவை செய்தும் நினைவுக்கு வரவில்லை.

இரண்டு பன்னிரண்டுக்கு மின்சாரம் ஒரு முறை கண் சிமிட்டியது. மழை நாளில் தினம் பத்துத் தடவை நடப்பதுதான், யுபிஎஸ் தாங்கிக்கொள்ளும். அன்றைக்கு விளக்குகள் திரும்ப எரிந்தபோது அறையில் ஏதோ ஒரு சத்தம் குறைந்திருந்தது. திரும்பிப் பார்த்தாள். மூன்றாவது கணினியின் பச்சை விளக்குகள் அணைந்து கிடந்தன. போன மாதம்தான் அதன் யுபிஎஸ் பேட்டரிகளைச் சோதித்து எல்லாம் நலம் என்று சீட்டுக் கொடுத்திருந்தார்கள்.

“அம்மிணி,” என்றது போன். “திரை இருட்டாயிருச்சுங்க.”

அவள் கண்ணுக்கு முன்னால் சர்வர் அறைக் கதவும், அதைத் தாண்டிப் போன ஸ்ட்ரெச்சரும் வந்து நின்றன. உலைத் திரையை மூன்றாவது கணினியில் கொண்டுபோய் வைத்தது அவள் கைதான். காலையில். இதே கை.

“கேன்சல் செய்,” என்றார் ஜோமோன். “பழையதைக் கொண்டுவா. வேகம்.”

கேன்சல் பொத்தான் கண்ணெதிரே இருந்தது. அழுத்தினால் பழையது எழும்பப் பத்து நிமிடம். அந்தப் பத்து நிமிடமும் கண் தெரியாது. உள்ளே ஓடுவதில் ஒன்று உறைந்தால்தான் எழுப்ப அந்தச் சர்வர் வேண்டும்; பெரிய கணினியே விழுந்தால், அதில் இருந்தவற்றை மற்ற இரண்டும் தாமாகவே எடுத்து எழுப்பிக்கொள்ளும். அதற்குக் கங்காணி தேவையில்லை. அப்படித்தான் படித்திருந்தாள். ஒரு தடவைகூடக் கண்ணால் பார்த்ததில்லை.

“சார், கை வைக்க வேண்டாம்,” என்றாள். தன் குரல்தானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது.

“நாப்பத்தி ஏழு,” என்றார் போனில் ராக்கியண்ணன்.

அவள் கவரைப் பிரித்தாள். அவசரத்தில் தாள் பாதி கிழிந்தது. முதலாவது கணினிக்குள் நேரடியாக நுழைந்தாள். பாஸ்வேர்டை முதல் தடவை தவறாக அடித்தாள், இரண்டாவது தடவை ஒவ்வொரு எழுத்தாக வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே அடித்தாள். பட்டியல் வந்தது. உலைத் திரை அதில் இல்லை.

“நாப்பத்தி ஒம்பதுங்க. ஏறுதே... தண்ணியை ஆத்தற கூலிங் டவர் ஃபேனு நின்னு போயிருக்குது அம்மிணி. கரண்டு போனப்ப ட்ரிப் ஆயிருக்கும். ஆளை ஓடச் சொல்லியிருக்கறேன்.”

இரண்டாவது கணினி. பட்டியல் மெல்ல மெல்ல இறங்கியது. கடைசிக்கு முந்தைய வரியில் இருந்தது, ‘துவங்குகிறது’ என்ற குறியோடு.

“அண்ணே, எந்திரிச்சுக்கிட்டிருக்கு. மூணு நாலு நிமிசமாகும்.”

“அம்பத்தி ஒண்ணு. நிறுத்திப்போடட்டுங்களா? நிறுத்துனா ஒறைஞ்சு போயிரும், உங்களுக்கே தெரியுமுங்க. நிறுத்தாம இருந்தா... நீங்க சொல்லுங்க.”

யாரும் அவளுக்குப் பதிலாகச் சொல்லப் போவதில்லை. அங்கே கேஜுக்கு முன்னால் நிற்பவர் ராக்கியண்ணன். வெடித்தால் முதலில் வேகப் போவது அவர்.

“ஹோல்டிங்குல குறைச்சு வைங்கண்ணே, உறையாத அளவுக்குச் சூடு போதும். திரைக்குப் பதிலா நீங்க கேஜு பாக்குறீகல்ல, நிறுத்த வேணாம். ஆனா அம்பத்தஞ்சு வந்துட்டா என்னையக் கேக்காதீங்க. யாரையும் கேக்காதீங்க. நிறுத்திப்புட்டு எல்லாரும் வெளிய போயிருங்க.”

“செரிங்க.” கொஞ்சம் கழித்து, “அம்பத்தி ரெண்டு.”

மாரீஸ்வரி மேசை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். புதிய சர்வர் அறுபத்தைந்து என்றது. மழை தகரக் கூரையில் கொட்டியது.

“அம்பத்தி மூணு.”

அவள் உதடு எதையோ முணுமுணுத்தது. சாமி பெயரா, ராக்கியண்ணன் பெயரா, பின்னால் கேட்டபோது அவளுக்கே சொல்லத் தெரியவில்லை.

“அம்பத்தி மூணு,” என்றார் மறுபடி. “அப்படியே நிக்குது. ஃபேனு ஓடுதுங்க, சத்தம் கேக்குது... அம்பத்தி மூணு... அம்பத்தி ரெண்டு. எறங்குதுங்க அம்மிணி!”

இரண்டு பதினேழுக்கு உலைத் திரை எழுந்தது. அடுத்த நிமிடமே அச்சு வரிசையும் நகர்ந்தது; ஒன்றரை டன்னையும் ஊற்றி முடித்தார்கள். இரண்டு இருபத்தொன்றுக்குப் புதிய மேனேஜ்மென்ட் சர்வர் தன் பெயரைச் சொல்லிக்கொண்டு எழுந்து, இருக்கும் கணினிகளையெல்லாம் ஒவ்வொன்றாக எண்ணத் தொடங்கியது. மூன்றாவது பெரிய கணினியைச் சிவப்பில் காட்டியது. அதைத் தவிர எதுவும் குறையவில்லை.

“கழிஞ்ஞு?” என்று கேட்டார் ஜோமோன்.

“முடிஞ்சுது சார்.”

நாற்காலியிலேயே உட்கார்ந்து குப்பைக் கூடையை இழுத்து வைத்துக்கொண்டு வாந்தியெடுத்தாள். வயிற்றில் எதுவும் இல்லாததால் வெறும் கசப்பு நீர்தான் வந்தது. ஜோமோன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்துவிட்டு, என்ன செய்வதென்று தெரியாமல் ஜன்னலோரம் போய் நின்றுகொண்டார். கொஞ்ச நேரத்தில் ராக்கியண்ணன் மழையில் நனைந்தபடி படியேறி வந்தார். கதவருகே நின்று, “ஏனுங்க அம்மிணி, நல்லாயிருக்கறீங்களா?” என்று கேட்டார்.

மறுநாள் அந்த யுபிஎஸ்ஸின் பேட்டரிகள் எல்லாவற்றையும் கழற்றினார்கள். எட்டில் ஐந்து செத்திருந்தன. மூன்றாவது கணினியை வேறு யுபிஎஸ்ஸில் மாட்டி, அதையும் புதிய சர்வரின் கீழ் கொண்டுவந்தாள்.

வார இறுதிக் கூட்டத்தில் கோயமுத்தூரிலிருந்து வந்த பெரிய அதிகாரி ஒருவர், “பதினாலு நிமிஷ வேலைக்கா ஆறு வாரம் எடுத்தீங்க?” என்று சிரித்தார். யாரும் சேர்ந்து சிரிக்கவில்லை. ராக்கியண்ணன் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மாரீஸ்வரி நான்கு பக்கத்துக்கு அறிக்கை எழுதினாள். மூன்றாம் பக்கத்தில் இப்படி இருந்தது: இரண்டாவது உலை காலியானதை உறுதி செய்யாமல் பொத்தானை அழுத்தினேன். அது என் தவறு. கேஜுக்கு முன்னால் ஆள் நின்றிருக்காவிட்டால் ஃபேன் நின்றது யாருக்கும் தெரிந்திருக்காது.

ஜோமோன் அந்த இடத்தில் விரலை வைத்துக்கொண்டு நிமிர்ந்தார். “இந்த வரி வேணோ, மாரீஸ்வரி? எல்லாம் சரியாயிட்டு முடிஞ்சதுதானே. நான் சொல்லித்தானே நீ அமுக்கினே. மேல உள்ளவங்க இதை மட்டும்தான் பிடிச்சுக்குவாங்க.”

அவளுக்கும் அந்தப் பயம் இருந்தது. எழுதியதை ஏற்கெனவே இரண்டு முறை அழித்துப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தாள்.

“இருக்கட்டும் சார். அடுத்து இதைச் செய்யிறவங்க படிக்கணும்ல.”

ஜோமோன் பேனாவை எடுத்து, அவள் வரிக்குக் கீழே மலையாளத்தில், தொடங்கச் சொன்னது நான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

ஆகஸ்டில் கோயமுத்தூர் கிளையிலும் இதே மாற்றத்தைச் செய்ய அவளைத்தான் கூப்பிட்டார்கள். போகிறேன் என்று சொல்லிவிட்டாள். சொன்ன அன்றைக்கே சோறு இறங்குவது நின்றுபோனது.